ரயில் தடத்தை ஒட்டிய வீடு: ஓடிபியில் (வீடு வாங்கும் விருப்புரிமைப் பத்திரத்தில்) கையெழுத்துப் போடும் முன்

சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் தடத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கலாமா என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எந்தத் தடம்? படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம்? நிலையம் எத்தனை நிமிட நடை என்பதை விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். தடம் எத்தனை மீட்டர் என்று யாரும் போடுவதில்லை. போட்டாலும் அந்த எண் ஒன்றையே வைத்து முடிவெடுக்க முடியாது. தடத்திலிருந்து 30 மீட்டரில் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வீடும் உண்டு, 80 மீட்டர் தள்ளியும் தூங்க முடியாத வீடும் உண்டு. சக்கரத்துக்கும் தலையணைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

முதலில் தடம். சிங்கப்பூரில் தரைக்கு மேலே ஓடுவது பெரும்பாலும் பழைய இரண்டு தடங்கள்தான். வடக்கு-தெற்குத் தடம் ஜூரோங் ஈஸ்ட்டில் தொடங்கி உட்லண்ட்ஸ், ஈசூன் வழியாக அங் மோ கியோ வரை பாலத்தின் மேல் போகிறது. பீஷானில் தரைமட்டத்துக்கு இறங்குகிறது. பிராடலிலிருந்து தெற்கே சுரங்கம். கிழக்கு-மேற்குத் தடத்தில் பாசிர் ரிஸ் முதல் காலாங் வரையும், ரெட்ஹில் முதல் துவாஸ் லிங்க் வரையும் மேலே. நடுவில் நகரப் பகுதி சுரங்கம். வடகிழக்கு, வட்ட, டௌன்டௌன், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ஆகிய நான்கு தடங்களிலும் ரயில் நிலத்துக்கு அடியிலேயே ஓடுகிறது. ஆகவே ஃபேரர் பார்க்கிலோ ஹவ்காங்கிலோ நிலையத்துக்கு எதிரே வீடு பார்ப்பவரும், ஈசூனில் தடத்துக்கு எதிரே வீடு பார்ப்பவரும் ஒரே கேள்வியைக் கேட்பதாகத் தோன்றினாலும் அவர்களுக்கான பதில் வேறு வேறு. ஜூரோங் வட்டாரத் தடத்தைப் புதிதாகக் கட்டிவருகிறார்கள். அதன் 24 நிலையங்களும் உயரத்தில்தான் வருகின்றன. தெங்காவிலும் ஜூரோங் வெஸ்ட்டிலும் வாங்குபவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்ஆர்டி என்ற இலகு ரயில் தனி ரகம். புக்கிட் பாஞ்சாங், செங்காங், பொங்கோல் மூன்றிலும் பெட்டிகள் ரப்பர் டயரில், கான்கிரீட் பாதையில் ஓடுகின்றன. இரும்பு உரசும் கிறீச்சொலி இல்லை. உறுமலும், பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது 'தட் தட்' என்ற ஒலியும் உண்டு. சத்தத்தைவிட அங்கே பெரிய பிரச்சினை பார்வை. புக்கிட் பாஞ்சாங்கில் பாதை சில புளோக்குகளை நெருங்கிப் போவதால், பெட்டி அவற்றைக் கடக்கும்போது ஜன்னல் கண்ணாடி தானாகவே பனி படர்ந்தாற்போல் மங்கிவிடும்படி அமைத்தார்கள். அப்படி ஏற்பாடு செய்ய வேண்டிய அளவுக்கு நெருக்கம் என்றால், பகலிலும் திரைச்சீலையை இழுத்துவிட்டு வாழ வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடி என்றால் சத்தம் குறையுமா?

"15வது மாடி, அதனால் சத்தம் வராது" என்று முகவர்கள் சொல்வதை நம்பிப் பலர் வாங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது.

ரயில்கள் வரிசையாக ஓடும் தடத்தை நீளமான ஒரு ஒலிக்கோடாகக் கொள்ளலாம். இத்தகைய கோட்டிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் சராசரிச் சத்தம் சுமார் 3 டெசிபல்தான் குறையும். 3 டெசிபல் என்பது காதுக்கு ஓரளவு தெரியும் வித்தியாசம், அவ்வளவே. தடம் 10 மீட்டர் உயரத்தில், உங்கள் புளோக்கிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கு 2.8 மீட்டர் என்றால் 15வது மாடி ஜன்னல் ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்தில் வரும். அங்கிருந்து தடத்துக்கு நேர்கோட்டுத் தூரம் 36 மீட்டர். தடத்துக்குச் சமமான மாடியில் இருப்பதோடு ஒப்பிட்டால் குறைவது இரண்டரை டெசிபல். 11 மாடி ஏறியதற்குக் கிடைத்த பலன் அதுதான்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பாலத்தின் பக்கச்சுவரோ இரைச்சல் தடுப்போ சத்தத்தை மறைக்க வேண்டுமானால் அது உங்கள் கண்ணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். மேல்மாடியிலிருந்து பார்த்தால் தடுப்புக்கு மேலே தண்டவாளமே தெரியும். தண்டவாளம் கண்ணுக்குத் தெரிந்தால் சத்தமும் வரும். 2வது, 3வது மாடிகளில் பாலமே மறைப்பாகிவிடுவதால், காற்றில் வரும் சத்தம் அங்கே பல இடங்களில் மேல்மாடியைவிடக் குறைவு. ஆக மோசமானது தடத்துக்குச் சமமான மாடியும் அதற்கு மேல் உள்ள ஐந்தாறு மாடிகளும்தான். பாலத்தின் உயரம் இடத்துக்கு இடம் மாறும். புளோக்கின் எதிரே நின்று தண்டவாள மட்டம் எந்த மாடி ஜன்னலுக்கு நேராக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கீழ்த்தளத்தையும் ஒரு மாடியாகச் சேர்த்து எண்ண வேண்டும்.

மாடியைவிடக் கோணம் முக்கியம். ஜன்னல் தடத்தை நேருக்கு நேர் பார்த்தால் முழுச் சத்தமும் உள்ளே வரும். புளோக்கின் குறுகிய பக்கம் தடத்தைப் பார்த்து நிற்க, ஜன்னல் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், தடத்தின் பாதிதான் அதற்குத் 'தெரியும்'. அதிலேயே 3 டெசிபல் குறையும். ஜன்னல் தடத்துக்கு முதுகைக் காட்டி இருந்தால் புளோக்கே சுவராகி 10 டெசிபலுக்கும் மேல் குறைந்துவிடும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போல் இருக்கும். எனவே ஒரே புளோக்கில், ஒரே மாடியில், ஒரு வீடு இரைச்சலாகவும் அடுத்த வீடு அமைதியாகவும் இருக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பலவற்றில் வரவேற்பறையும் படுக்கையறைகளும் ஒரு பக்கம், சமையலறையும் துணி காயப்போடும் இடமும் மறுபக்கம். சமையலறைப் பக்கம் தடமும் படுக்கையறைப் பக்கம் வேறு புளோக்கும் இருக்கும் வீடு கிடைத்தால், தடத்துக்கு அருகில் என்பதற்காக அதை ஒதுக்காதீர்கள். தாளிக்கும்போது ரயில் போனால் யாருக்கும் தூக்கம் கெடாது.

தடத்துக்கும் புளோக்குக்கும் நடுவே அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் இருந்தால் நல்லது. அதன் உயரம் வரை உள்ள மாடிகளுக்கு அது பெரிய தடுப்பு. தடத்தின் மறுபக்கம் உயரமான புளோக் நேர் எதிரே இருந்தால் கவனம் தேவை. ரயில் சத்தம் அதில் பட்டு உங்கள் பக்கம் திரும்பி வரும்.

சராசரி எண் எதை மறைக்கிறது

ரயில் சத்தத்துக்கு இங்கே பயன்படுத்தும் வரம்பு ஒரு மணி நேரச் சராசரி 67 டெசிபல். பழைய தடங்களில் இதைத் தாண்டும் இடங்களில்தான் நிலப் போக்குவரத்து ஆணையம் இரைச்சல் தடுப்புகளைப் படிப்படியாகப் பொருத்திவந்திருக்கிறது. ஒரு தடுப்பு 5 முதல் 10 டெசிபல் வரை குறைக்கும். மேலே சொன்னபடி, மறைக்கும் மாடிகளுக்கு மட்டும்.

'மணி நேரச் சராசரி' என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். உச்ச நேரத்தில் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால், இரு திசையும் சேர்த்து மணிக்கு 48 ரயில். பழைய தடங்களில் ஆறு பெட்டி ரயிலின் நீளம் ஏறக்குறைய 138 மீட்டர். வருவது, கடப்பது, போவது எல்லாம் சேர்த்து 10 நொடி பிடிக்கும். 48 ரயிலுக்கு 480 நொடி, அதாவது ஒரு மணி நேரத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஒவ்வொரு ரயிலும் கடக்கும்போது 76 டெசிபல் எழுப்பினால் மணி நேரச் சராசரி 67க்கு வந்துவிடும். வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லப்படும் வீட்டில் உங்கள் காதில் விழுவது 76.

இரவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று குறைந்ததும் சராசரி 63, 64க்கு இறங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு ரயிலும் அதே 76தான். சுற்றுப்புறம் அடங்கியிருப்பதால் அது இன்னும் பெரிதாகக் கேட்கும். தூக்கத்தைக் கலைப்பது சராசரி அல்ல, அந்தப் பத்து நொடி. உலகச் சுகாதார நிறுவனம் 2018ல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், வீட்டுக்கு வெளியே இரவு நேர ரயில் சத்தம் 44 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது இரவு முழுவதற்குமான சராசரி, இங்குள்ளது ஒரு மணி நேரத்துக்கானது என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் 67 என்பது நிம்மதியான தூக்கத்துக்காக வகுத்த எண் அல்ல என்பது புரியும்.

ஒரே தடத்தில் தவிர்க்க வேண்டிய இடங்கள்

நேரான தண்டவாளத்தில், சீரான வேகத்தில் போகும் ரயிலின் சத்தத்துக்கு ஓரளவு பழகிவிடலாம். பழக முடியாத சத்தங்கள் சில இடங்களில் மட்டும் வரும்.

வளைவுகள் அவற்றில் முதன்மையானவை. வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே அச்சில் பூட்டியிருப்பதால், ஒன்று உருளாமல் வழுக்கும். அந்த உரசலில் எழும் கிறீச்சொலி உச்சஸ்தாயியில் இருக்கும், 'சராசரி டெசிபல்' அதைப் பிடிக்காது. வரைபடத்தில் தடம் வளைகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அடுத்து, தண்டவாளம் பிரியும் இடங்கள். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த இடத்தில் தண்டவாளத்தில் இடைவெளி இருக்கும். ஒவ்வொரு சக்கரமும் அதில் இடித்துவிட்டுத்தான் போகும். கடைசி நிலையங்களை ஒட்டியும் பணிமனைக்குப் பிரியும் இடத்திலும் இவை இருக்கும்.

பணிமனைக்கு அருகே இன்னொரு தொல்லை நேரம். பயணிகளுக்கு முதல் ரயில் காலை ஐந்தரை வாக்கில் என்றால், அந்த ரயில்கள் அதற்கு முன்பே பணிமனையிலிருந்து கிளம்பிவிடும். நள்ளிரவு தாண்டி ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பீஷான் பணிமனை, கிளமெண்டிக்கும் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் நடுவே உள்ள உலு பாண்டான் பணிமனை ஆகியவற்றை ஒட்டி வீடு பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

நிலையத்துக்கு மிக அருகில் ரயில் வேகம் குறைந்திருப்பதால் உருளும் சத்தம் குறைவு. அதற்குப் பதிலாக பிரேக் ஒலி, கதவு மூடும் மணி, மேடை அறிவிப்பு. நான்கு மொழியிலும் அறிவிப்பு காதில் விழும் தூரத்தில் படுக்கையறை இருந்தால் அதுவும் தினசரிச் சுமைதான்.

பிறகு, ரயில் நின்ற பிறகு நடக்கும் வேலை. இரவு ஒன்றரை மணி முதல் நாலரை மணி வரையிலான இடைவெளியில்தான் தண்டவாளப் பராமரிப்பு நடக்கும். டீசல் எஞ்சின் வண்டிகள் வரும். தண்டவாளத்தின் மேற்பரப்பில் நாளடைவில் நுண்ணிய அலைமேடுகள் உண்டாகும். அவற்றைச் சாணைபிடித்துச் சமப்படுத்தும் இயந்திரம் தீப்பொறியோடு பெருஞ்சத்தம் போடும். தினமும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. அந்த வேலை நடந்த பிறகு அடுத்த சில மாதம் ரயில் சத்தம் குறைந்தும் விடும். எனவே வீடு பார்க்கப் போன அன்று அமைதியாக இருந்தது என்பது தண்டவாளம் அப்போதுதான் சாணை பிடிக்கப்பட்டது என்பதாலும் இருக்கலாம்.

தூசி பற்றிக் கேட்பார்கள். தடத்தை ஒட்டிய ஜன்னல் விளிம்பில் கருந்தூள் படிவது உண்மை. துடைத்தால் போகும். அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

எப்போது, எங்கே நின்று கேட்பது

வீடு காட்டும் நேரம் பெரும்பாலும் சனி, ஞாயிறு பகல். அப்போது ரயில் குறைவு, சாலைச் சத்தம் அதிகம், ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கும், ஜன்னல் மூடியிருக்கும். அந்த நேரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வீவக புளோக்கில் ஒரு வசதி உண்டு. பொதுத் தாழ்வாரமும் படிக்கட்டும் திறந்தே இருக்கும். யாருடைய அனுமதியும் இல்லாமல் அதே மாடியில், தடத்தைப் பார்க்கும் பக்கத்துப் படிக்கட்டு மேடையில் நின்று கேட்கலாம். மூன்று நேரம் போக வேண்டும்: வேலை நாள் காலை ஐந்தரை, காலை எட்டு, இரவு பதினொன்றரை. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் நில்லுங்கள். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி இருந்தால் உச்ச அளவையும் 15 நிமிடச் சராசரியையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி எண் துல்லியமானதல்ல. ஆனால் ஒரே கைப்பேசியில் இரண்டு வீட்டை ஒப்பிட அது போதும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டிய சோதனை இது. முதன்மைப் படுக்கையறையில் ஏர்கான், மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து ஒரு ரயில், மூடி ஒரு ரயில். இரண்டு எண்ணுக்கும் நடுவே 20 டெசிபலாவது வித்தியாசம் இருந்தால் ஜன்னல் நன்றாக இருக்கிறது. 10 என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் கேளுங்கள். சாய்தகடு வைத்த குளியலறை ஜன்னல் மூடவே மூடாது. படுக்கையறைக்குள் சத்தம் அதன் வழியாகத்தான் வருகிறது என்பது பல வீடுகளில் வாங்கிய பிறகே தெரியவருகிறது.

இரவு வேலை பார்க்கும் தாதியோ பாதுகாவலரோ வீட்டில் இருந்தால் பகல் சத்தம்தான் உங்களுக்கு இரவுச் சத்தம். காலை எட்டு மணி எண்ணை வைத்து முடிவெடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் தூங்குவேன் என்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மூடிய ஜன்னல் எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

ஜன்னலை மாற்றிச் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், எல்லை உண்டு. ஜன்னல் பரப்பில் 1 விழுக்காடு இடைவெளி இருந்தாலே, கண்ணாடி எவ்வளவு கனமாக இருந்தாலும், 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னலைச் சுற்றி 3 மில்லிமீட்டர் சந்து இருந்தால் அது சரியாக 1 விழுக்காடு. நகர்த்தித் திறக்கும் ஜன்னலில் பிரஷ் பட்டை மட்டும் இருப்பதால் இந்தச் சந்து இயல்பாகவே உண்டு. கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலில் ரப்பர் பட்டை அழுந்தி மூடும். எனவே முதல் செலவு கண்ணாடிக்கு அல்ல, சட்டத்துக்கும் ரப்பருக்கும் பூட்டுக்கும்.

அடுத்து கண்ணாடி. இரண்டு 5 மி.மீ. கண்ணாடிக்கு நடுவே 0.76 மி.மீ. படலம் ஒட்டிய 10.76 மி.மீ. அடுக்குக் கண்ணாடி, சாதாரண 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடியைவிட நன்றாகத் தடுக்கும். நடுவில் உள்ள படலம் அதிர்வை உறிஞ்சுவதுதான் காரணம். கடையில் 'டபுள் கிளேசிங்' என்று சொல்லி, இரண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவே விரல் அகல இடைவெளி வைத்து விற்பார்கள். அது வெப்பத்துக்கு உதவும். ரயிலின் தாழ்ந்த உறுமலுக்குப் பெரிதாக உதவாது, ஏனென்றால் இடைவெளி போதாது. இப்போதுள்ள ஜன்னலை அப்படியே விட்டு, உட்பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவது ஜன்னல் போடுவதுதான் அதிகப் பலன் தரும்.

எடையைக் கவனிக்காமல் விடாதீர்கள். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. 60க்கு 120 சென்டிமீட்டர் கதவில் 6 மி.மீ. கண்ணாடி 11 கிலோ, 10.76 போட்டால் ஏறக்குறைய 19 கிலோ. பழைய கீல் அதற்கு ஏற்றதல்ல. துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் கட்டாயம், அலுமினிய ஆணி கூடாது. வீவக வீட்டில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பட்டியலில் உள்ள ஜன்னல் குத்தகையாளர்தான் இந்த வேலையைச் செய்யலாம். ஜன்னல் பெயர்ந்து விழுந்தால் பொறுப்பு வீட்டுக்காரருடையது. கொண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) வெளித்தோற்றம் மாறக் கூடாது என்பதால் நிர்வாகக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். கிடைக்காத இடத்தில் உட்பக்க ஜன்னல்தான் வழி.

நன்றாக மூடிய அறைக்கு ஒரு விலை உண்டு. சுவரில் மாட்டும் ஏர்கான் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. மூன்று பேர் தூங்கும் அறையில் விடியும்போது காற்று கனத்துவிடும். ஏர்கான் இரவு முழுவதும் ஓடும் மின்கட்டணத்தை மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலறை, துணி காயப்போடும் இடம் இரண்டையும் அடைக்க வேண்டாம். எரிவாயு புழங்கும் இடத்துக்குக் காற்றோட்டம் தேவை. வீட்டுப் பாதுகாப்பறையின் காற்றுத் துளைகளில் கை வைக்கவே கூடாது.

சுரங்கத்துக்கு மேலே

சுரங்கத் தடம் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. வருவது காற்றுச் சத்தம் அல்ல, நிலத்தின் வழியாக அதிர்வு. அது சுவரில் ஏறி, தூரத்து இடி போல் மெல்லிய உறுமலாக அறைக்குள் கேட்கும். கீழ்மாடிகளில் அதிகம், மேலே போகப்போகத் தேயும். மேசையில் தண்ணீர் வைத்து அலை எழுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அதிர்வு இருக்காது. இரவு பதினொன்றுக்கு மேல் தலையணையில் காதை வைத்துக் கேட்பதே சரியான சோதனை. அதிர்வு பிரச்சினையாகக்கூடிய இடங்களில் தண்டவாளத்தை ரப்பர் தாங்கிகளின் மேல் மிதக்கும் கான்கிரீட் பலகையில் வைப்பது ரயில் கட்டுமானத்தில் வழக்கம்.

சுரங்க நிலையத்தில் பார்க்க வேண்டியது வேறு. காற்றை வெளியேற்றும் கூண்டுகளும் குளிரூட்டும் கோபுரங்களும் நிலையத்தை ஒட்டித் தரைக்கு மேலே நிற்கும். அவற்றின் விசிறி ஒலி தொடர்ந்து வரும். படுக்கையறை அதைப் பார்த்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் சுரங்க நிலையத்திலிருந்து மூன்று நான்கு நிமிட நடையில் உள்ள வீட்டைத் தயங்காமல் வாங்கலாம்.

சட்டமும் வரைபடமும்

ரயில் கட்டமைப்பின் வெளி விளிம்பிலிருந்து 40 மீட்டர் வரை ரயில் பாதுகாப்பு வட்டாரம். அதற்குள் அடித்தூண் இறக்குவது, மண்ணைத் துளைப்பது, பாரந்தூக்கி வைப்பது போன்றவற்றுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வீவக வீட்டுக்குள் ஓடு மாற்றுபவரை இது தொடாது. தரைவீடு வாங்கி இடித்துக் கட்ட நினைப்பவருக்கு மிகப் பெரிய விஷயம். பொறியாளர் ஆய்வும் அளவுக் கருவிகளும் சேர்ந்து செலவும் காலமும் கூடும். தனியார் வீடு வாங்கும்போது உங்கள் வழக்கறிஞர் அரசாங்க அமைப்புகளுக்கு அனுப்பும் விசாரணைக் கடிதங்களில் ரயில் தொடர்பானதும் ஒன்று. அதன் பதிலை நீங்களே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இன்று ஓடாத ரயிலும் கணக்கில் உண்டு. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டைக் காட்டுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துகிறார்கள். ஜன்னலுக்கு எதிரே உள்ள பசும்புல் மேடு அதில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புதிய தடம் கட்டும்போது ரயில் சத்தத்துக்கு முன்பே பல ஆண்டு கட்டுமானச் சத்தம் வரும்.

விலை, விற்பனை, இன விகிதம்

தடத்துக்கு அருகில், ஆனால் நிலையத்துக்குத் தூரம். பணத்தைப் பொறுத்தவரை இதுதான் ஆக மோசமான சேர்க்கை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே பாலத்தை ஒட்டி நிற்கும் புளோக்குகளில் ரயில் முழு வேகத்தில் கடக்கும், நீங்கள் பேருந்து பிடித்துத்தான் நிலையம் போக வேண்டும். தொல்லை மட்டும் உங்களுக்கு, வசதி வேறு யாருக்கோ. விலை நன்றாகக் குறையாவிட்டால் இதை விட்டுவிடுங்கள்.

குறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? 1990 முதல் நடந்த வீவக மறுவிற்பனைகள் அரசாங்கத்தின் பொதுத் தரவுத் தளத்தில் புளோக் எண், மாடி வரம்பு, பரப்பு, குத்தகை தொடங்கிய ஆண்டு, விலை என்று விவரமாக இருக்கின்றன. தடத்தை ஒட்டிய புளோக்கையும் அதற்குப் பின்னால் உள்ள புளோக்கையும் எடுத்து, ஒரே வீட்டு வகை, ஒரே மாடி வரம்பு, ஒரே குத்தகை ஆண்டு என்று வைத்துச் சதுர மீட்டர் விலையை ஒப்பிடுங்கள். வீட்டு எண் அதில் இல்லாததால் ஒரே புளோக்கின் முன்பக்கம், பின்பக்கம் பிரித்துத் தெரியாது. இரண்டு புளோக்குக்கும் விலை ஒன்றுதான் என்றால், சத்தத்துக்கான கழிவு இன்னும் விலையில் சேரவில்லை. அதைப் பேரம் பேசி வாங்குவது உங்கள் பொறுப்பு.

வீவக மறுவிற்பனை வீட்டில் ஓடிபிக்குக் கட்டும் தொகை அதிகபட்சம் 1,000 வெள்ளி, வாங்குவதா என்று முடிவு செய்ய அவகாசம் 21 நாள். மதிப்பீடு ஓடிபி கைக்கு வந்த பிறகுதான் தெரியும். ஒப்புக்கொண்ட விலை மதிப்பீட்டைவிட அதிகமானால் மிச்சத்தை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும், மத்திய சேமநிதியைத் தொட முடியாது. அந்த 21 நாளில் இன்னொரு முறை, அதுவும் இரவில், வீட்டைப் பார்க்க விற்பவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் அந்த 1,000 வெள்ளி இழப்போடு நிறுத்திக்கொள்ளலாம். தனியார் வீட்டில் அப்படியல்ல. விலையில் 1 விழுக்காடு, 14 நாள் என்பது வழக்கம். 15 லட்சம் வெள்ளி கொண்டோ என்றால் பணயம் 15,000 வெள்ளி. அங்கே சோதனை முழுவதையும் ஓடிபிக்கு முன்பே முடிக்க வேண்டும்.

நம்மவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, வீவக வீடுகளில் ஒவ்வோர் இனத்தவரின் பங்குக்கும் வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. இந்தியர், மற்றவர் பிரிவுக்கு அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு வரம்பு. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் நீங்கள் விற்கும்போது சீனர் வாங்க முடியாது. வாங்கக்கூடியவர்களின் கூட்டம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. அதிலும் ரயில் சத்தம் வேண்டாம் என்பவர்கள் விலகிவிட்டால் வீடு மாதக்கணக்கில் கிடக்கும், விலையை இறக்கச் சொல்வார்கள். வாங்கும்போதே அந்த புளோக்கில் எந்தெந்த வரம்பு நிறைந்திருக்கிறது என்று வீவக இணையத்தளத்தில் பாருங்கள். மாதாமாதம் முதல் தேதி புதுப்பிக்கப்படும். இரண்டு தடையும் சேர்ந்திருக்கும் வீட்டை, நான் என்றால் வாங்க மாட்டேன்.

பிடிஓவில் (வீவக புதிதாகக் கட்டி விற்கும் வீடுகளில்) நிலையத்துக்கு அருகே வரும் வீடுகள் பல இப்போது 'பிளஸ்' வகையில் வருகின்றன. அதன் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் 10 ஆண்டு, முழு வீட்டையும் வாடகைக்கு விடவும் முடியாது. சத்தம் பிடிக்கவில்லை என்றால் ஐந்தாண்டில் விற்றுவிடலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. புளோக் வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டின் முகமும் தெரியும். வரிசை எண் வந்ததும் மாடியைத் துரத்தாமல், தடத்துக்கு முதுகு காட்டும், மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக வரும் வீடுகளின் அடுக்கை முதலில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிக் குடியிருப்பவர்களுக்கு: சத்தம் திடீரென்று மாறினால் சும்மா இருக்காதீர்கள். எல்லா ரயிலுக்கும் உறுமல் கூடியிருந்தால் தண்டவாளத்தில் அலைமேடு. குறிப்பிட்ட ஒரு ரயில் மட்டும் 'டக் டக் டக்' என்று தட்டிக்கொண்டு போனால் அதன் சக்கரத்தில் தட்டையான இடம் விழுந்திருக்கிறது. ஈரமில்லாத நாளில் மட்டும் வளைவில் கிறீச்சிட்டால் மசகு போதவில்லை. மூன்றும் சரிசெய்யக்கூடியவை. தேதி, மணி நிமிடம், எந்தத் திசை, புளோக் எண், மாடி ஆகியவற்றை ஒரு வாரத்துக்குக் குறித்து, ஜன்னலில் எடுத்த ஒலிப்பதிவோடு ரயில் நிறுவனத்துக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் அனுப்புங்கள். 'சத்தம் தாங்கவில்லை' என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். நேரமும் திசையும் இருந்தால் எந்த ரயில் என்பதை அவர்கள் தங்கள் பதிவேட்டில் கண்டுபிடித்துவிடலாம்.